புளியரையிலிருந்து மகளுக்கு

அன்புள்ள பாப்பாவுக்கு,

பக்கவாதத் தீவிர சிகிச்சைப் பிரிவை விட்டுவிட்டு, தலைவலியும் வலிப்பும் பார்க்கும் புறநோயாளி வேலைக்குப் போகலாமா என்று கேட்டிருந்தாய். போக வேண்டாம் என்பதே என் எண்ணம். அம்மா போகச் சொல்வாள்; நீ ராத்திரி தூங்க வேண்டும் என்று அவளுக்குக் கவலை. அதிலும் நியாயம் இருக்கிறது.

"பிழைத்தவர்களிலும் பலர் எழுந்து நடப்பதில்லை அப்பா" என்று எழுதியிருக்கிறாய். திருவனந்தபுரம் வந்திருந்தபோது வாசலில் நின்று பார்த்தேன். மூளை வீங்கியதால் மண்டையோட்டின் ஒரு பகுதியை எடுத்திருந்த அந்த மனிதரின் கட்டிலுக்கு மேலே 'இடப்பக்கம் எலும்பு இல்லை' என்று மலையாளத்திலும் தமிழிலும் ஒட்டியிருந்தது. தமிழ் உன் கையெழுத்து. பேச்சே இல்லாத அவரிடம், "அண்ணாச்சி, கண்ணில் டார்ச் அடிக்கப் போகிறேன்" என்று சொல்லிவிட்டுத்தான் இமையை விலக்கினாய். மலைக்கு இந்தத் தமிழ்நாட்டுப் பக்கமிருந்து வருகிறவர்களுக்கு அப்படிச் சொல்ல அங்கே ஒருவர் வேண்டும்.

உன் ஆச்சி பக்கவாதத்தில் விழுந்த காலத்தில் ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி நமக்கு எட்டவில்லை. இன்று பக்கவாதம் தொடங்கி நாலரை மணி நேரத்துக்குள் வந்து, சி.டி. ஸ்கேனில் மூளைக்குள் ரத்தக்கசிவு இல்லையென்றால் அதைப் போட வழியிருக்கிறது. பெரிய ரத்தக்குழாய் அடைத்திருந்தால் உள்ளே குழாய் செலுத்திக் கட்டியை இழுத்தே எடுக்கிறீர்கள். சிலருக்கு 24 மணி நேரம் வரைகூட. இவ்வளவும் கைக்கு வந்த நேரத்திலா விலகுவது?

நேரம் கடந்து வருகிறவர்களை நினைத்து நீ உடைந்துபோகிறாய். அந்தத் தாமதம் ஆரியங்காவுக் கணவாய்க்கு இந்தப் பக்கம் நடப்பது. இங்கே கை விழுந்தவுடன் சோடா கொடுக்கிறார்கள்; பிறகு எண்ணெய் போட்டு உழிச்சலுக்குக் கொண்டுபோகிறார்கள். விழுங்க முடிகிறதா என்று மருத்துவமனையில் பார்க்கும்வரை ஒரு மிடறு தண்ணீர்கூடக் கொடுக்கக் கூடாது, நுரையீரலுக்குள் போய்விடும் என்று நீ சொன்னதை டீக்கடையிலும் ரேஷன் கடையிலும் சொல்லிவருகிறேன். கடைசியாக எப்போது நன்றாக இருந்தார் என்று குறித்துக்கொள்ளவும் சொல்கிறேன். விடிந்து எழுந்திருக்கும்போதே கை விழுந்திருந்தால், ராத்திரி படுக்கப்போன நேரத்தைத்தான் டாக்டரிடம் சொல்ல வேண்டும் என்றால் பலரும் நம்ப மறுக்கிறார்கள்.

அடுத்த முறை வரும்போது இதையெல்லாம் ஒரே பக்கத்தில், இரண்டு மொழியிலும் எழுதிக் கொண்டுவா. சோதனைச்சாவடிப் பக்கத்துக் கடைகளில் ஒட்டச் சம்மதம் வாங்கிவிட்டேன். லாரிக்காரர்கள் அங்கேதான் காத்துக் கிடப்பார்கள். ரத்த அழுத்தம் பார்க்க அவர்களுக்கு ஏது பொழுது?

அதற்கு முன் ஒரு வாரம் விடுப்புக் கேள். கேட்க வெட்கப்படாதே.

அன்புடன்,
அப்பா