தமிழ்வழி ஸ்பானிஷ் பாடத்தில் உள்ள பிழைகள் குறித்துப் புகார்

அனுப்புநர்: சந்தாதாரர், கோயம்புத்தூர்
பெறுநர்: வாடிக்கையாளர் குறைதீர்ப் பிரிவு

பொருள்: லோ, லா, லே பாடங்களைத் திருத்தக் கோருதல்

ஐயா / அம்மா,

வணக்கம். உங்கள் செயலியில் தமிழ்வழி ஸ்பானிஷ் வகுப்புக்கு ஓராண்டுச் சந்தா கட்டிப் படித்து வருகிறேன். உச்சரிப்பு, நிகழ்கால வினை வரைக்கும் குறை சொல்ல ஒன்றும் இல்லை. அவனை, அவளை, அவளுக்கு என்று சொல்ல உதவும் லோ, லா, லே பாடத்துக்கு வந்ததும்தான் சிக்கல் தொடங்கியது.

முதலில் அப்பட்டமான பிழை. 'அதை அவளுக்குக் கொடுத்தேன்' என்பதற்கு 'லே லோ தி' என்று விடை வைத்திருக்கிறீர்கள். லோ, லா, அவற்றின் பன்மையான லோஸ், லாஸ் ஆகியவற்றுக்கு முன்னால் வரும் லே, 'செ' என்று மாறிவிடும். 'செ லோ தி' என்பதுதான் சரி. சரியாக எழுதுபவருக்குச் சிவப்புக் குறி விழுகிறது! ஸ்பானிஷில் பெண்பால் சொல்லான சைக்கிளைப் பற்றிப் பேசும்போது, 'அதை வாங்க விரும்புகிறேன்' என்பதற்கு 'கியேரோ கோம்ப்ரார்லா' மட்டுமே ஏற்கப்படுகிறது. 'லா கியேரோ கோம்ப்ரார்' என்பதும் அதே அளவுக்குச் சரிதான். அப்புறம், 'அதை எனக்குக் கொடு' என்றால் 'தாமெலோ' என்று வினையோடு ஒட்டி வருவது, 'கொடுக்காதே' என்றதும் 'நோ மே லோ தெஸ்' என்று வினைக்கு முன்னால் போய்விடுகிறது. இதற்கு ஒரு வரி விளக்கம்கூட இல்லை.

இதைவிட எனக்கு வருத்தம் தருவது வேறு. உங்கள் விளக்கங்கள் ஆங்கிலப் பாடத்தைப் பார்த்து எழுதியவை. ஆங்கிலத்தில் 'ஹெர்' என்ற ஒரே சொல் 'அவளை', 'அவளுக்கு' என்ற இரண்டு வேலையும் செய்வதால், லாவையும் லேயையும் பிரித்தறிய ஆங்கிலம் பேசுபவர்கள் தடுமாறுவார்கள். நமக்கு அந்தத் தடுமாற்றம் எதற்கு? இரண்டாம் வேற்றுமை, நான்காம் வேற்றுமை என்று பள்ளியிலேயே படித்தவர்கள் நாம். 'அவளைக் கூப்பிட்டேன்' என்றால் 'லா யாமே'. 'அவளுக்கு எழுதினேன்' என்றால் 'லே எஸ்க்ரிபீ'. 'எனக்குக் காபி பிடிக்கும்' என்பது 'மே குஸ்தா எல் கஃபே' என்று அப்படியே பொருந்துகிறது. நீங்களோ, 'நான் விரும்புகிறேன்' என்பதைத் தலைகீழாக்கிப் புரிந்துகொள்ளச் சொல்கிறீர்கள்.

தமிழர் உண்மையில் தடுக்கி விழும் இடங்களைப் பாடம் தொடவே இல்லை. 'அவளுக்கு உதவினேன்' என்று நாம் சொல்வது அங்கே பொதுவாக 'லா அயுதே', அதாவது 'அவளை'. 'அவளிடம் சொன்னேன்' என்பதற்கு லே வரும். 'சாவியை அனாவிடம் கொடுத்தாயா?' என்று கேட்டால் நாம் 'கொடுத்தேன்' என்று நிறுத்திவிடுவோம். ஸ்பானிஷில் 'செ லா தி' என்று 'அவளுக்கு', 'அதை' இரண்டையும் சொல்ல வேண்டும் (சாவியும் அங்கே பெண்பால்). அனா என்று பெயரைச் சொன்ன பிறகும் 'லே தி லா யாவே ஆ அனா' என்று லே கூடவே வருவது நமக்குப் புதிது. பயிற்சி தேவைப்படுவது இங்கேதான்.

இதையெல்லாம் எழுதிக் கேட்டதற்கு, 'உங்கள் கருத்துக்கு நன்றி' என்ற தானியங்கிப் பதில் மட்டுமே வந்தது.

தவறான விடைகளை உடனே திருத்துங்கள். இந்தப் பாடங்களைத் தமிழும் ஸ்பானிஷும் நன்றாகத் தெரிந்த ஆசிரியரைக் கொண்டு புதிதாக எழுதுங்கள். ஒரு மாதத்துக்குள் இது நடக்காவிட்டால், மீதமுள்ள மாதங்களுக்கான சந்தாவைத் திருப்பித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன். பிழையான பக்கங்களின் படங்களை இத்துடன் இணைத்துள்ளேன்.

இப்படிக்கு,
உங்கள் சந்தாதாரர்