பீடத்தின் துளைகளையும் காட்டுங்கள்

ஆசியக் கலைக்கூடங்களில் மக்களை அழைத்துச் சென்று விளக்கும் காப்பாட்சியர்களுக்கு,

வணக்கம். போன மாதம் நான் வாழும் நகரத்தின் அருங்காட்சியகத்தில், காப்பாட்சியரே முன்னால் நடந்து ஆசியக் கலைக்கூடத்தை விளக்கும் சுற்றுக்கு என் பதினொரு வயது மகளோடு போயிருந்தேன். எந்த நகரம் என்று எழுதப் போவதில்லை. இது ஓர் இடத்தின் குறை அல்ல, பல ஊர்களில் இப்படித்தான் நடக்கிறது. அதனால்தான் உங்கள் எல்லோருக்குமாக எழுதுகிறேன்.

முதலில் நன்றி சொல்ல வேண்டும். அந்த அம்மையார் ஒரு சோழர் காலத்துப் பார்வதி முன்னால் பத்து நிமிடம் நின்றார். உடல் மூன்று இடத்தில் வளைந்து நிற்பதை, இடுப்பில் ஆடை மடிப்பு விழுந்திருப்பதை, தொங்கும் இடக்கையின் விரல்கள் யானைத் துதிக்கைபோல நெளிவதை ஒவ்வொன்றாகக் காட்டினார். தேன்மெழுகும் குங்கிலியமும் கலந்து உருவம் பிடித்து, அதன்மேல் வண்டல் மண் பூசி, சுட்டு, மெழுகு உருகி ஓடிய இடத்தில் உலோகம் வார்ப்பதைச் சொன்னார். சுவாமிமலையில் இன்றும் ஸ்தபதிகள் அப்படித்தான் செய்கிறார்கள் என்றும் சொன்னார். கூட்டமே மூச்சு விடாமல் கேட்டது. நானும்தான்.

அப்புறம் ஒரு பெரியவர் கேட்டார்: "இது எந்த ஊர்க் கோயிலில் இருந்தது?"

"தென்னிந்தியா. அறுபதுகளில் ஒரு தனியாரிடமிருந்து வாங்கியது" என்று சொல்லிவிட்டு அவர் அடுத்த அறைக்கு, காந்தாரத்துப் புத்தரிடம் நகர்ந்தார். என் மகள் மட்டும் நகரவில்லை. கீழே குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள். "அம்மா, அடியில எதுக்கு ஓட்டை?"

அந்த ஓட்டைக்காகத்தான் இந்த மடல்.

என் அப்பா தஞ்சாவூர்ப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் இருபது வருடம் சீர்பாதம் தாங்கியவர். சாமியைத் தோளில் சுமப்பவர்களுக்கு எங்கள் பக்கம் அதுதான் பெயர். பீடத்தின் துளைகளும் வளையங்களும் எதற்கென்று அவர் தோளைக் கேட்டால் தெரியும். கருவறையில் இருக்கும் கல் மூர்த்தி அசையாது. வயதானவர்கள், படுத்த படுக்கையாகக் கிடப்பவர்கள், ஒரு காலத்தில் கோயிலுக்குள் வரவிடாமல் நிறுத்தப்பட்டவர்கள், இவர்களும் காணும்படி சாமி தெருவுக்கு வருவதற்காக வார்த்த திருமேனிதான் உற்சவர். தெரு முனையில் திரும்பும்போது ஆட்டம் கண்டு சாய்ந்துவிடாதபடி அவரைப் படிச்சட்டத்தோடு, அதாவது சாமியைத் தூக்கும் சட்டத்தோடு, இறுக்கிக் கட்ட வேண்டும். அதற்குத்தான் துளையும் வளையமும். உங்கள் கண்ணாடிப் பெட்டிக்குள் நிற்பது நிற்பதற்காகச் செய்த உருவம் அல்ல, நடப்பதற்காகச் செய்தது. மகளிடம் இதைக் குசுகுசுவென்று சொல்லி முடிப்பதற்குள் சுற்று எங்களை விட்டுப் போய்விட்டது.

இன்னொன்றும் அன்றுதான் எனக்கு உறைத்தது. அந்த இடுப்பு வளைவை நான் அதற்கு முன்னால் பார்த்ததே இல்லை. எங்கள் ஊர் அம்மனை வருடாவருடம் பார்த்திருக்கிறேன், முகத்தை மட்டும். மற்றதெல்லாம் பட்டும் மாலையும் நகையும். திருமஞ்சனத்தின்போது கொஞ்ச நேரம், அதுவும் முன்வரிசையில் இடம் கிடைத்தால், மிச்சம் தெரியும். காப்பாட்சியர் பத்து நிமிடம் வியந்த அழகை, அதைத் தோளில் சுமந்த என் அப்பா முழுதாகப் பார்த்ததில்லை. உங்களிடம் வந்தவர்கள் அதைப் பார்க்கிறார்கள். அது பெரிய கொடை என்றே நினைக்கிறேன். ஆனால் வந்தவர்கள் பார்க்காத ஒன்று எங்களிடம் இருக்கிறது. இரண்டையும் சேர்த்துச் சொல்லக்கூடிய இடம் உங்கள் சுற்று ஒன்றுதான்.

முகத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். மூக்கும் உதடும் மழுங்கியிருந்தால் அது வார்ப்பின் குறை இல்லை. நூற்றாண்டுக் கணக்காகச் சந்தனமும் பாலும் தேய்த்துக் கழுவிய கைகளின் தடம். மாறாக நகைவேலை கூர்மையாக இருந்து, மேனியில் பச்சைக் களிம்பு ஏறியிருந்தால், அந்தத் திருமேனி நெடுங்காலம் மண்ணுக்குள் இருந்திருக்க வாய்ப்பு அதிகம். படையெடுப்புக் காலங்களில் திருமேனிகளைப் புதைத்து வைத்தார்கள். வைத்தவர்கள் போய்விட்டார்கள், இடம் மறந்துபோயிற்று. பிறகு வயலிலோ கோயில் வளாகத்திலோ மண்வெட்டி பட்டு வெளியே வந்தவை எத்தனையோ. இதைச் சொல்ல ஒரு நிமிடம் போதும். கேட்பவர் அப்புறம் அந்த முகத்தை வேறு மாதிரி பார்ப்பார்.

நீங்கள் பெட்டிக்குப் பக்கத்தில் வைக்கும் குறிப்பு அட்டையைப் பற்றியும் சொல்ல வேண்டும். "சோழர், 11ஆம் நூற்றாண்டு, தமிழ்நாடு, வெண்கலம்", அப்புறம் உயரம் செண்டிமீட்டரில், அப்புறம் நன்கொடையாளர் பெயர். ஆயிரம் வருடம் முன்னால் எங்களிடமும் குறிப்பு அட்டை இருந்தது. தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டுகளைப் படித்துப் பாருங்கள். ராஜராஜன் காலத்தில் அங்கே எழுந்தருளுவித்த செப்புத் திருமேனிகளை ஒவ்வொன்றாக அடுக்கியிருக்கிறார்கள். உயரத்தை முழத்திலும் விரலிலும் சொல்கிறார்கள், அதுவும் பாதத்திலிருந்து தொடங்கிக் கேசம் வரை. எத்தனை கை, கனமாக வார்த்ததா, என்னென்ன நகை, கொடுத்தவர் யார் என்பதெல்லாம் இருக்கிறது. "நாங் குடுத்தனவும் அக்கன் குடுத்தனவும் நம் பெண்டுகள் குடுத்தனவும் மற்றும் குடுத்தார் குடுத்தனவும்" என்று அரசன் தன் பெயரோடு அக்காள் குந்தவையையும், அரண்மனைப் பெண்களையும், பேர் சொல்லாத மற்றவர்களையும் சேர்த்தே கல்லில் வெட்டச் சொன்னான். யார் கொடுத்தார்கள், எப்படி வந்தது என்பதை அந்தக் கல்வெட்டு மறைக்கவில்லை. உங்கள் அட்டையிடமும் நான் கேட்பது அவ்வளவுதான்.

எப்படி வந்தது என்ற கேள்வியில்தான் பலருக்குக் கால் தயங்குகிறது. காரணம் புரிகிறது. சிவபுரத்து நடராசரை எல்லோரும் அறிவார்கள். கும்பகோணத்துக்குப் பக்கத்தில் 1951இல் மண்ணிலிருந்து கிடைத்தவர். பழுதுபார்க்கக் கொடுத்த இடத்தில் நகல் ஒன்று செய்து கோயிலுக்குத் திருப்பிவிட்டு, மூலத்தை விற்றுவிட்டார்கள். கோயிலில் இருப்பது போலி என்பதை 1965இல் எழுதியவர் யார்? பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் டக்ளஸ் பாரட். உங்கள் தொழில்காரர், உங்கள் கண். அமெரிக்காவில் கலைப்பொருள் சேகரிப்பாளர் நார்ட்டன் சைமனிடம் போய்ச் சேர்ந்த அந்த நடராசர், வழக்கும் உடன்படிக்கையும் முடிந்து 1986இல் திரும்பினார்.

அரியலூர் மாவட்டத்து ஸ்ரீபுரந்தான் நடராசர் கதை இன்னும் அண்மையது. கோயிலிலிருந்து திருடுபோன அவரை ஆஸ்திரேலியாவின் தேசியக் கலைக்கூடம் 2008இல் நியூயார்க் கலைப்பொருள் வணிகர் சுபாஷ் கபூரிடம் ஐம்பது லட்சம் அமெரிக்க டாலர் கொடுத்து வாங்கியது. 2014இல் அந்நாட்டுப் பிரதமரே டெல்லிக்கு வந்து ஒப்படைத்தார். கபூருக்குக் கும்பகோணம் நீதிமன்றம் 2022இல் பத்தாண்டுச் சிறை விதித்தது. ஸ்ரீபுரந்தானிலிருந்தே போன உமா பரமேஸ்வரியைச் சிங்கப்பூரின் ஆசிய நாகரிக அருங்காட்சியகம் 2015இல் திருப்பித் தந்தது.

இந்த மீட்புகள் பலவற்றுக்குப் பின்னால் புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தின் பழைய புகைப்படங்கள் இருக்கின்றன. ஐம்பதுகளிலிருந்து ஊர் ஊராகப் போய்க் கோயில் கோயிலாக எடுத்தவை, ஒரு லட்சத்துக்கும் மேல். வாஷிங்டனில் ஸ்மித்சோனியனின் தேசிய ஆசியக் கலை அருங்காட்சியகம் தன் சேகரிப்பை அந்தப் படங்களோடு ஒப்பிட்டுப் பார்த்து, திருத்துறைப்பூண்டி, மன்னார்குடி, கள்ளக்குறிச்சி வட்டாரக் கோயில்களில் இருந்த மூன்று திருமேனிகளைத் திருப்பித் தருவதாக 2026 ஜனவரியில் அறிவித்தது. அவற்றில் நடராசர் மட்டும் இந்தியாவுக்குச் சொந்தமானவராக, நீண்டகாலக் கடனில் அங்கேயே இருப்பார். அவர் எங்கிருந்து வந்தார், எப்படிப் பெயர்ந்தார் என்ற முழுக்கதையையும் பார்வையாளருக்குச் சொல்வதே அதன் நோக்கம் என்கிறார்கள். அதைப் படித்த அன்று எனக்கு அவ்வளவு நிம்மதி. ஒரு நடராசருக்கு இது முடியும் என்றால் மற்ற அறைகளிலும் முடியும்.

எல்லாவற்றையும் திருப்பிக் கொடுங்கள் என்று கேட்பதற்கு நான் இதை எழுதவில்லை. திருடியது என்று தெரிந்தால் கொடுத்துத்தான் ஆக வேண்டும், அதில் பேச்சே இல்லை. மற்றபடி, நேர்மையாக வந்து சேர்ந்தவையும் இருக்கின்றன, எப்படி வந்தன என்று தெரியாதவை அதைவிட அதிகமாக இருக்கின்றன. தெரியாதபோது "தெரியவில்லை, தேடிக்கொண்டிருக்கிறோம்" என்று அந்தப் பெரியவரிடம் சொல்லியிருந்தால் போதும். அவர் முகம் வாடியதை நான் பார்த்தேன். அவர் குற்றம் சாட்டவில்லை, ஊர்ப்பெயரைத்தான் கேட்டார்.

இது உங்கள் மரபுக்குப் புதியதும் இல்லை. பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் 1917 முதல் இந்தியக் கலையைப் பார்த்துக்கொண்டவர் ஆனந்த குமாரசுவாமி, கொழும்புத் தமிழர் ஒருவரின் மகன். நடராசரின் தூக்கிய காலுக்கும் ஊன்றிய காலுக்கும் சைவர்கள் என்ன பொருள் கொள்கிறார்கள் என்பதைத் தமிழ் நூல்களிலிருந்தே எடுத்து மேற்குலகுக்குச் சொன்னார். கும்பிட்டவர்களின் சொல்லைக் கலைக்கூடத்துக்குள் கொண்டுவர முடியும் என்று நூறு வருடம் முன்னாலேயே காட்டிவிட்டுப் போனார். அவர் நாற்காலியில் இன்று நீங்கள் இருக்கிறீர்கள்.

அதனால் கேட்கிறேன். அடுத்த சுற்றில் ஒரே ஒரு திருமேனியிடமாவது கொஞ்சம் கூடுதலாக நில்லுங்கள். பீடத்தைக் காட்டுங்கள், முடிந்தால் முதுகையும். ஊர் தெரிந்தால் ஊர்ப்பெயரைச் சொல்லுங்கள், சரியாக உச்சரிக்க எங்களில் யாரையாவது கேளுங்கள், சந்தோஷமாகச் சொல்லித் தருவோம். உங்கள் நகரத்தில் தமிழர்கள் இருந்தால் வருடத்துக்கு ஒரு முறையாவது அந்தச் சுற்றைத் தமிழில் வையுங்கள். தேவாரம் பாடத் தெரிந்த ஒருவர் அந்தப் பார்வதி முன்னால் நின்று ஒரு பதிகம் பாடட்டும்.

ஜூலையில் என் அப்பா இங்கே வருகிறார். எழுபத்து நாலு வயது, வலத் தோளில் இன்னும் காய்ப்பு இருக்கிறது. மாதக் கடைசிச் சுற்றில் மூன்று இடம் பதிவு செய்திருக்கிறேன். அந்தத் துளையில் கயிறு எப்படிப் போகும், முடிச்சு எந்தப் பக்கம் விழும் என்று கேட்டால் அவர் சொல்வார். தமிழில்தான் சொல்வார், நான் மொழிபெயர்க்கிறேன்.

அன்புடன்,
உங்கள் சுற்றில் பின்தங்கி நின்ற ஒரு தாய்