காது அறுவைச் சிகிச்சை: அச்சிட்ட தாள் தேவை

ஆசிரியர் அவர்களுக்கு,

செவிப்பறை ஓட்டையை அடைக்க, காதுக்கு மேலுள்ள தசையின் மெல்லிய உறையை எடுத்து ஒட்டும் அறுவைச் சிகிச்சை அண்மையில் என் மனைவிக்கு நடந்தது. சளி பிடித்திருந்தால் முன்கூட்டியே தெரிவிப்பது, எத்தனை மணிக்குமேல் சாப்பிடக் கூடாது என்பதெல்லாம் அச்சிட்ட தாளில் இருந்தன. வீடு திரும்பியபின் செய்ய வேண்டியவையோ, மயக்கம் முழுதாகத் தெளியாதவரிடம் வாய்மொழியாகச் சொல்லப்பட்டன. மூக்கை அழுத்திச் சிந்தினால் ஒட்டு விலகக்கூடும், தும்மல் வந்தால் வாயைத் திறந்தே தும்ம வேண்டும் என்பதை மறுபரிசோதனையின்போதுதான் அறிந்தோம். காதினுள் வைத்த, தானே கரையும் பஞ்சு போன்ற பொருள் கரையும்வரை காது அடைத்தே இருக்கும் என்பது தெரியாமல், சிகிச்சை பலிக்கவில்லையென்று அவர் அழுத நாள்கள் பல. வெள்ளிதோறும் தலைக்குக் குளிக்கும் வழக்கமுள்ளவர்களுக்கு, காதில் தண்ணீர் படாமல் காக்க வாசலின் தடவிய பஞ்சை வைக்கும் முறையையும் சேர்த்து, இந்த அறிவுரைகளைத் தமிழில் அச்சிட்டு, உடனிருப்பவர் கையில் மருத்துவமனைகள் கொடுக்க வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், தஞ்சாவூர்.