காப்பீட்டு அட்டையை ஏற்கும் குடும்ப மருத்துவர் வேண்டி மாவட்ட ஆட்சியருக்கு ஒரு கோரிக்கை மனு

அனுப்புநர்:
ஓய்வுபெற்ற கூட்டுறவுச் சங்க எழுத்தரும், உடன் கையொப்பமிட்டுள்ள தெருவாசிகளும்,
கடலூர் முதுநகர்.

பெறுநர்:
மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம், கடலூர்.

பொருள்: முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டைதாரர்கள், புறநோயாளிகளாகத் தொடர்ந்து ஒரே மருத்துவரிடம் சிகிச்சை பெற வழிசெய்யக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஆட்சியர் அவர்களுக்கு, வணக்கம்.

நாங்கள் அனைவரும் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கு உட்பட்ட குடும்பத்தினர். காப்பீட்டு அட்டை வைத்திருப்பவர்கள். 2009-இல் தொடங்கி, 2012-இல் இன்றைய பெயரைப் பெற்று, 2018-இல் மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் திட்டத்துடன் இணைக்கப்பட்ட இத்திட்டத்தைக் குறைகூறுவதற்காக இம்மனுவை எழுதவில்லை. எங்கள் தெருவில் ஒருவருக்குக் கைக்காசு செலவில்லாமல் இதய அறுவைச் சிகிச்சை நடந்தது இந்த அட்டையால்தான். ஆயினும், குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் என்னும் இந்தப் பாதுகாப்பு, பெரும்பாலும் மருத்துவமனையில் உள்நோயாளியாகச் சேர்ந்தவருக்கே பயன்படுகிறது. நடமாடிக்கொண்டே சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை விழுங்குகிறவரின் அட்டை பீரோவை விட்டு வெளியே வருவதில்லை.

முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக எங்கள் தெருவுக்கு ஒரே மருத்துவர்தான் இருந்தார். யாருக்கு எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது, யார் வீட்டில் தகப்பனுக்குச் சர்க்கரை இருந்தது, யார் மாத்திரையை வாங்கி வைத்துவிட்டுச் சாப்பிடாமல் இருப்பார் என்பதெல்லாம் சீட்டைப் பார்க்காமலே அவருக்குத் தெரியும். கொடுத்த காசை எண்ணிப் பார்க்கவும் மாட்டார். முதுமை காரணமாகச் சென்ற ஐப்பசியில் கிளினிக்கை மூடிவிட்டார். அதன்பின் அட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு நான் ஏறி இறங்கிய கிளினிக்குகள் நான்கு. அனைத்திலும் ஒரே பதில்தான்: "அட்மிட் ஆனால்தான் கார்டு செல்லும், ஓ.பி.க்கு பீஸ் கட்ட வேண்டும்." விதி அதுதான் என்பதால் அவர்களைக் கோபித்துப் பயனில்லை. ஆனால் படுக்கை வசதியுள்ள ஒரு தனியார் மருத்துவமனையில், இரண்டு நாள் படுத்துக்கொண்டால் காப்பீட்டில் எழுதிக்கொள்ளலாம் என்று என் மனைவிக்கு யோசனை சொன்னார்கள். கால் எரிச்சலுக்கு மருந்து கேட்கப் போன பெண்மணி அவர். அரசுப் பணத்தை வீணாக்கும் அந்த யோசனையை நாங்கள் ஏற்கவில்லை என்பதையும், இல்லாதவர்களை இந்நிலை எந்த வழிக்குத் தள்ளுகிறது என்பதையும் தங்கள் கவனத்துக்குக் கொண்டுவருகிறேன்.

பிறகு நடந்ததுதான் இம்மனுவை எழுத வைத்தது. முதல் கிளினிக்கில் கிளிமிபிரைடு என்னும் சர்க்கரை மாத்திரையை ஒரு கம்பெனிப் பெயரில் எழுதிக் கொடுத்தார்கள். மூன்று வாரம் கழித்துப் போன இன்னொரு கிளினிக்கில் அதே மருந்தை வேறு கம்பெனிப் பெயரில் எழுதினார்கள். பழைய சீட்டை நாங்கள் கொண்டுபோகவில்லை. அது எங்கள் தவறு. மாத்திரை அட்டையில் பொடி எழுத்தில் அச்சிட்ட மருந்தின் பெயரைப் படிக்கும் பழக்கமும் எங்களுக்கு இல்லை. கிருத்திகை விரதமிருந்த அன்று என் மனைவி இரண்டையும் சாப்பிட்டுவிட்டார். விடியற்காலையில் உடம்பெல்லாம் வியர்த்து, பேச்சுக் குழறி, அழைத்தும் கண் திறக்கவில்லை. 108 ஆம்புலன்ஸில் ஏற்றி மஞ்சக்குப்பம் அரசு தலைமை மருத்துவமனைக்குக் கொண்டுசென்றோம். இரத்தத்தில் சர்க்கரை அபாயகரமாகக் குறைந்திருந்தது. குளுக்கோஸ் ஏற்றிக் காப்பாற்றினார்கள். அங்குள்ள மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும் நாங்கள் கடமைப்பட்டவர்கள். ஒரே மருத்துவர் தொடர்ந்து பார்த்து வந்திருந்தால் இது நேர்ந்திருக்காது.

2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் தன்னார்வலர் இப்போது எங்கள் வீட்டுக்கே மாத்திரை கொண்டுவருகிறார். அது பெரும் உதவி. எனினும் மாத்திரையைக் குறைக்கலாமா, கூட்டலாமா, தலைசுற்றல் இதனால்தானா என்பதையெல்லாம் மருத்துவரிடம்தான் கேட்க முடியும். கூலி வேலைக்குப் போகிறவர்களுக்குக் காலை நேர ஓ.பி. என்பது ஒரு நாள் சம்பளத்தை இழப்பதாகும். சிலர் இருட்டோடு பஸ் ஏறிப் புதுச்சேரி ஜிப்மர் வரிசையில் போய் நிற்கிறார்கள், வெறும் இரத்த அழுத்தத்துக்கு.

ஆகவே, எங்கள் பகுதிக்கு அருகிலுள்ள நகர்ப்புற நலவாழ்வு மையத்தில் மாலை வேளையில் குறைந்தது ஓராண்டுக்கு ஒரே மருத்துவர் பணியாற்றும்படியும், அட்டைதாரர் குடும்பங்களை அம்மையத்தில் பதிவுசெய்து, குடும்பத்துக்கு ஒரு சிகிச்சைக் குறிப்பேடு வழங்கும்படியும் உத்தரவிட வேண்டுகிறோம். வேறு எந்த மருத்துவரிடம் போனாலும் அந்தக் குறிப்பேட்டைக் காட்டலாம். எங்கள் கோரிக்கைகளில் முதன்மையானது இதுவே. புதுக் கட்டடம் எதுவும் கேட்கவில்லை.

காப்பீட்டில் சேர்ந்துள்ள மருத்துவமனைகள் எந்தெந்தச் சிகிச்சைப் பிரிவுக்கு அனுமதி பெற்றவை என்ற பட்டியலை ரேஷன் கடைகளில் தமிழில் ஒட்டச் செய்யவும் வேண்டுகிறோம். எலும்பு முறிவுக்கு அனுமதி உள்ள இடத்தில் சிறுநீரகக் கல்லுக்கு அட்டை செல்லாது என்பது அங்கே போய் நின்ற பிறகுதான் பலருக்குத் தெரிகிறது.

புறநோயாளிச் சிகிச்சைக்கும் அட்டையை ஏற்கச் செய்வது மாநில அரசின் கொள்கை முடிவு என்பதை அறிவோம். ஆயினும் அதற்கு முன்மாதிரி இல்லாமலில்லை. 1948-ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவான, தொழிலாளர்களுக்கான இ.எஸ்.ஐ. காப்பீட்டுத் திட்டத்தில் புறநோயாளிச் சிகிச்சையும் உண்டு. தனியார் மருத்துவர்களைப் பதிவுசெய்து, தொழிலாளர் குடும்பங்களை அவர்களிடம் இணைக்கும் முறையும் அதில் இருக்கிறது. சிப்காட் தொழிற்பேட்டையில் வேலை பார்க்கும் மகனுக்கு உள்ள அந்த வசதி, வலை பின்னிப் பிழைக்கும் பக்கத்து வீட்டுக்காரருக்கு இல்லை. காப்பீட்டு அட்டைக்கும் அத்தகைய ஏற்பாட்டைக் கடலூரில் சோதனை முறையில் செய்து பார்க்க அரசுக்குப் பரிந்துரைக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

காப்பீட்டு அட்டைகளின் நகல்களும், மேற்சொன்ன இரு மருந்துச் சீட்டுகளின் நகல்களும் இத்துடன் இணைக்கப்பட்டுள்ளன. அச்சீட்டுகளில் கிளினிக்குகளின் பெயரை மறைத்திருக்கிறேன். யார் மீதும் நடவடிக்கை கோருவது எங்கள் நோக்கமன்று. குடும்பங்களைப் பதிவுசெய்யும் எழுத்து வேலைக்கு ஆள் தேவைப்பட்டால், ஊதியமின்றிச் செய்துதர நான் ஆயத்தமாக உள்ளேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
மனுதாரரும் தெருவாசிகளும்,
கடலூர் முதுநகர்.