பத்தமடை உம்மாவுக்கும், எங்களோடு நின்ற எல்லாருக்கும்

ஆச்சியின் பழைய கோரைப்பாயைச் சரிசெய்து கொடுத்த, பாய் நெய்கிற அன்புள்ள பத்தமடை உம்மாவுக்கும், ஆச்சி காரியத்தில் கைகொடுத்த அத்தனை பேருக்கும்,

ஆச்சியின் பதினாறு முடிந்தது. அஸ்தி பாபநாசத்தில் தாமிரவருணியோடு போய்விட்டது. இடையில் பட்ட பாடு இதைப் படிக்கிறவர்களுக்குத் தெரிந்ததுதான். பாதிப் பாட்டைச் சுமந்ததே நீங்கள். அதைத் திரும்ப எழுதப் போவதில்லை. விரித்த ஜமுக்காளத்தை இன்னும் மடிக்கவில்லை, அதற்குள் இந்த மடலை எழுதிவிடுகிறோம். ஆறப்போட்டால் நன்றி சம்பிரதாயமாகிவிடும்.

பலருக்கு ஒரே மூச்சில் சொல்லிவிட வேண்டியிருக்கிறது, கோபித்துக்கொள்ளாதீர்கள். கோலாலம்பூர் செந்தூலில் ராத்திரி பகல் பாராமல் கூடவே இருந்த அக்கம்பக்கத்தார். எந்தத் தாளுக்குப் பின்னால் எந்தத் தாளை வைக்க வேண்டும் என்று பொறுமையாகச் சொன்ன தூதரக அலுவலர். திருச்சியில் விமானம் இறங்கும் முன்பே வண்டியோடு வந்து நின்ற சம்பந்தி வீட்டார். திருவாசகம் ஓதிய ஓதுவார். படித்துறையில் பாசி படிந்த கல்லில் பெரிய மாமாவைக் கைப்பிடித்து இறக்கிய, பெயர்கூடச் சொல்லாமல் போன தம்பி. தன் வீட்டு விசேஷத்துக்கு வாங்கி வைத்திருந்த இலைக்கட்டை அப்படியே தூக்கிக் கொடுத்த எதிர்வீட்டு அத்தை. எல்லாருக்கும் கைகூப்பு.

அந்த அலுவலர் சொன்னதை மட்டும் இங்கே எழுதி வைக்கிறோம், அடுத்து யாருக்காவது உதவும். அஸ்தி கொண்டுவர இறப்புச் சான்றிதழ், தகனச் சான்றிதழ், தூதரகத்தின் ஆட்சேபணையில்லாக் கடிதம், இறந்தவருடைய பாஸ்போர்ட் ஆகியவற்றைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். அசல் ஒரு உறையில், நகல்கள் இன்னொரு உறையில் இருக்கட்டும். கலசம் பித்தளையோ செம்போ வேண்டாம். உலோகத்துக்குள் என்ன இருக்கிறது என்று சோதனை இயந்திரத்தில் தெரியாது. உள்ளே தெரியாத எதையும் விமானத்தில் ஏற்ற விடமாட்டார்கள், அஸ்திக் கலசத்தைத் திறந்து பார்க்கவும் அவர்களுக்கு மனம் வராது. மரப்பெட்டியோ கெட்டி பிளாஸ்டிக்கோ போதும். மூடி முத்திரை வைத்து, விமான நிறுவனத்துக்கு முன்கூட்டியே சொல்லிவிட்டு, கைப்பையோடு வைத்துக்கொள்ளுங்கள். ஆற்றங்கரையில் ஒன்று: உடுத்தின துணியைத் தண்ணீரில் விடாதீர்கள். பாபநாசத்தில் அந்தத் துணியெல்லாம் பாறை இடுக்கில் சிக்கி அழுகிக் கிடக்கிறது, குளிக்கிறவர் காலைச் சுற்றுகிறது. எந்தச் சாஸ்திரமும் தாமிரவருணியை அழுக்காக்கச் சொல்லவில்லை.

இனி உம்மாவுக்கு.

ஆச்சி கடைசியில் கேட்டவை இரண்டு. தன்னை ஆற்றில் கரைக்க வேண்டும், தன் படுக்கைப் பாய் ஊருக்குத் திரும்ப வேண்டும். முதலாவதற்கு ஊரே உதவியது. இரண்டாவதைச் செய்தது நீங்கள் ஒருவர்தான்.

ஆறடிக்கு மூன்றடி கோரைப்பாய் அது. 1952இல் கல்யாணமான கையோடு நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறியபோது ஆச்சி கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போனது. ரஜூலா 1926இலிருந்து சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று ஓடின கப்பல். அதில் தளப் பயணிகளுக்குக் கட்டில் கிடையாது, மெத்தை கிடையாது. பாயை விரித்த இடம்தான் அவரவர் இடம். மலாயாவுக்குப் போன நம்மாட்கள் பலபேர் வீட்டுப் பரணில் இப்படி ஒரு பாய் சுருட்டிக் கிடந்திருக்கும். பத்தமடைக்கும் மலாயா புதிய ஊரில்லை. 1887இல் பத்தமடையில் பிறந்த குப்புசாமி டாக்டராகி மலாயா ரப்பர் தோட்ட ஆஸ்பத்திரிக்குப் போனார். பத்து வருஷம் கழித்துத் திரும்பி, ரிஷிகேசத்தில் சுவாமி சிவானந்தர் ஆனார்.

ஆச்சி திரும்பவில்லை. தாத்தாவுக்குச் செந்தூல் ரயில்வே பட்டறையில் வேலை. ஆச்சிக்குக் கடைசிவரை மலேசியாவின் சிவப்பு அடையாள அட்டைதான்: நிரந்தரமாக வசிக்கலாம், குடிமகள் இல்லை. குடிமக்களுக்கான நீல அட்டைக்கு மனுப்போடச் சொன்னால், 'இருக்கதுக்கு எடம் குடுத்திருக்கான், போதும்ளா' என்பாள். ஆனால் அங்கேயும் வேரூன்றித்தான் இருந்தாள் என்பதைப் பாயைப் பார்த்துக் கண்டுபிடித்தது நீங்கள்தான்.

புதுப்பாய் ஒன்று வாங்கிப் படையலுக்கு விரித்துவிடலாம் என்று நினைத்துத்தான் பத்தமடைக்கு வந்தது. விற்றிருந்தால் உங்களுக்கு ஒரு வியாபாரம். நீங்கள் பழைய பாயைத் தடவிப் பார்த்துவிட்டு, 'புதுசு எதுக்கு புள்ள? இதுக்கு இன்னும் உசுரு இருக்கு' என்றீர்கள். அந்த ஒரு வார்த்தைக்குத்தான் இவ்வளவு நீள மடல்.

உங்கள் விரல் முதலில் போனது கரைக்கு, அப்புறம் சிவப்புப் பட்டைக்கு. சப்பங்கட்டையை வேகவைத்து இறக்கின சாயம் என்றீர்கள். கடைச்சாயமாக இருந்தால் இத்தனை காலத்துக்கு வேறு மாதிரி வெளுத்திருக்குமாம். பாவு, அதாவது நெடுக்கே ஓடுகிற நூல், பருத்தி; நடுத்தர நெசவு. பட்டுப்பாய் இல்லை. பட்டுப்பாய் என்பது இதைவிட மிக நுண்ணிய கோரை நெசவு, துணிபோல மடிக்கலாம்; இது சுருட்ட மட்டுமே ஆகும். பிறகு மூலையில் ஆச்சி தைத்துப் போட்டிருந்த ஒட்டைத் திருப்பிப் பார்த்தீர்கள். அது கோரையே இல்லை. மெங்குவாங். நம் தாழையின் இனம். மலாய்க்காரப் பெண்கள் முள்ளைச் சீவி, நெடுக்காகக் கிழித்து, ஊறவைத்துக் காயவைத்து முடைவார்கள். தறியும் இல்லை, நூலும் இல்லை. கைவிரலால் குறுக்குமறுக்காகச் சாய்த்துப் பின்னுவது. செந்தூல் பக்கத்து வீட்டு மலாய் அம்மாவிடம் ஆச்சி கற்றுக்கொண்டது அது.

ஒட்டு ஏன் நிற்கவில்லை என்று நீங்கள் விளக்கியதை இங்கே எழுதுகிறோம், பழைய பாய் வைத்திருக்கிறவர்களுக்குத் தேவைப்படும். கோரைப்பாய் நூலும் கோரையும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நிற்பது. பாவு நூல் ஒன்று அறுந்தால் அந்த இடத்துக் கோரை மெல்ல நழுவும். நழுவியது பக்கத்து நூலைத் தளர்த்தும். மெங்குவாங் அகலம், விறைப்பு. கோரையோடு சேர்ந்து வளையாது. போதாததற்கு ஆச்சி அதைத் தைத்தது தூண்டில் நரம்பில். நைலான் அறாது, உண்மைதான். அறாததால்தான் கெடுதல்: ஒவ்வொரு முறை சுருட்டும்போதும் அது கோரையை அறுக்கிறது. அந்த ஊர் ஈரக்காற்றில் பூஞ்சையும் பிடித்திருந்தது. பாயை பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு வைத்தால் பூஞ்சை வராது என்று பலர் நினைக்கிறார்கள். ஈரம் உள்ளேயே அடைபட்டுக் கோரை கறுத்துப்போவதுதான் மிச்சம்.

நீங்கள் செய்தது இது. பாயை நிழலில் கவிழ்த்துப் போட்டு, தென்னந்துடைப்பத்தால் அல்ல, மெல்லிய துணியால் தூசி தட்டினீர்கள். நனைத்துப் பிழிந்த வேட்டியை அதன்மேல் ஒரு ராத்திரி மூடி வைத்தீர்கள். காய்ந்த கோரையை வளைத்தால் சடக்கென்று ஒடியும், ஈரம் ஏறினால் இழுத்த இழுப்புக்கு வரும். காலையில் நைலானை ஒவ்வொரு தையலாக நறுக்கி எடுத்தீர்கள், ஒரே இழுப்பில் உருவவில்லை. அடுத்து, தளர்ந்த பாவு நுனிகளை இரண்டிரண்டாகச் சேர்த்து முடிச்சிட்டீர்கள். அறுந்த நூலுக்கு அதே பருமனில் பருத்தி நூலை முறுக்கி இணைத்தீர்கள். பருமனான நூல் போட்டால் அந்த இடம் மேடு தட்டும், படுத்தால் முதுகில் உறுத்தும்.

கோரைக்குத்தான் பொறுமை. ஆற்றங்கரையிலும் கால்வாய் ஓரத்திலும் பச்சையாக அறுத்த கோரையைக் கீறி, உள்சோற்றை நீக்கி, காயவைத்து, வேகவைத்து, மறுபடி காயவைத்து, ஓடுகிற தண்ணீரில் 3 முதல் 7 நாள் வரை போட்டு வைக்க வேண்டும். நின்ற தண்ணீர் உதவாது, அழுகி வாடை வந்துவிடும். ஊறி மும்மடங்கு பருத்ததை எடுத்துக் காயவைத்து, நெய்கிற நேரத்தில் திரும்பவும் மெல்லியதாகக் கீறுவது. இப்படித் தயாரான கோரையை நீங்கள் வேறொருவர் ஆர்டருக்காக வைத்திருந்தீர்கள். அதிலிருந்து ஒரு பிடி உருவி எங்கள் பாய்க்குப் போட்டீர்கள். இதைத் தறியில் உட்கார்ந்தவர்களுக்குத்தான் முழுதாகப் புரியும்.

அதைக் குச்சியில் கோத்து, ஒரு நூலுக்கு மேல், ஒரு நூலுக்குக் கீழ் என்று நுழைத்தீர்கள். கிழிசலோடு நிறுத்தவில்லை, இரண்டு பக்கமும் நல்ல நெசவுக்குள் நான்கு விரற்கடை ஓடவிட்டீர்கள், பிடிமானத்துக்கு. ஒரு கோரை அடிப்பக்கம் முதலில், அடுத்தது நுனிப்பக்கம் முதலில். கோரை அடியில் பருத்து நுனியில் மெலிந்திருக்கும். மாற்றி மாற்றிப் போடாவிட்டால் பாய் ஒரு பக்கம் அகன்று விசிறிபோலக் கோணிவிடும். கடைசியில் கரையை மடித்துக் கட்டி, பருத்தித் துணி வைத்துத் தைத்து, வழவழப்பான கல்லால் தேய்த்துக் கொடுத்தீர்கள்.

மெங்குவாங் ஒட்டை மொத்தமாகப் பிய்த்துப் போட்டிருக்கலாம், வேலை சுலபம். நீங்கள் அப்படிச் செய்யவில்லை. கெட்டுப்போன ஓரத்தை மட்டும் நறுக்கிவிட்டு, மீதியைப் பருத்தி நூலில் தளர்வாகத் தைத்து அதே மூலையில் விட்டீர்கள். பாரம் தாங்கப் புதுக் கோரை அடியில் இருக்கிறது, மேலே ஆச்சியின் கைப்பின்னல். 'அவ்வோ பின்னுனது, நாம எடுக்கப்பிடாது' என்றதோடு சரி.

கூலி கேட்டதற்கு நூல் காசு மட்டும் வாங்கினீர்கள். நறுக்கி எடுத்த மெங்குவாங் துண்டை வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டீர்கள். நூலில்லாமல் பின்னுவது எப்படி என்று பேத்தியோடு உட்கார்ந்து பிரித்துப் பார்க்கவாம். உம்மா, செந்தூலில் அந்த மலாய் அம்மாவின் மகள் இருக்கிறார். முழுதாக முடைந்த சிறு பாய் ஒன்று உங்களுக்கு அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறார். அடுத்து வருகிறவர் கையில் வரும், சுருட்டியே வரும்.

பதினாறாம் நாள் படையல் அந்தப் பாயில்தான் நடந்தது. வந்தவர்களில் பாதிப்பேர் படத்தைக் கும்பிட்டுவிட்டு மூலையைத் தொட்டுப் பார்த்தார்கள். ஆச்சி இருந்திருந்தால் 'கையைக் கழுவிட்டுத் தொடு' என்றிருப்பாள்.

வீட்டில் பழைய பாய் உள்ளவர்களுக்கு உம்மாவின் கட்டளைகள்: மடிக்காதே, சுருட்டு. ஈரத்துணியால் துடைத்தால் நிழலில் காயவிட்டு அப்புறம் சுருட்டு. கொளுத்துகிற வெயிலில் போட்டால் கோரை முறுகும். சுருளுக்குள் காய்ந்த வேப்பிலை வை. வருஷக்கணக்கில் பரணில் விடாதே, அவ்வப்போது விரித்து ஒரு ராத்திரி படு. படுக்காத பாய்தான் சீக்கிரம் கெடும் என்கிறார். நெய்கிறவர் சொல்லுக்கு மேல் சொல் இல்லை.

பத்தமடைப் பாய்க்குப் புவிசார் குறியீடு கிடைத்தாயிற்று, பெருமைதான். ஆனால் நல்ல பட்டுப்பாய் ஒன்று நெய்து இறக்க மாதக்கணக்கில் குனிந்து உட்கார வேண்டும். அதை பிளாஸ்டிக் பாய் விலையோடு ஒப்பிட்டுப் பேரம் பேசுகிறவர்களும் நம்மில்தான் இருக்கிறோம். அதனால் குடும்பத்தில் எல்லாருமாகக் கூடி ஒன்று முடிவு செய்திருக்கிறோம். இனி நம் வீட்டுக் கல்யாணம் ஒவ்வொன்றுக்கும் பெண் மாப்பிள்ளை பெயர் போட்ட கைநெசவுப் பாய் பத்தமடையிலிருந்து வரும். நிச்சயம் முடிந்ததும் ஆர்டர், அன்றைக்கே பாதிப் பணம், பேரம் கிடையாது. முகூர்த்தத்துக்கு முந்தின வாரம் போய் அவசரப்படுத்தக் கூடாது. மழைக்காலத்தில் கோரை காயாது என்பதையும் கணக்கில் வைக்க வேண்டும். பெயரைப் பெரிய எழுத்தில் தெளிவாக எழுதிக் கொடுக்க வேண்டும். நெசவில் ஏறின எழுத்தை அழித்துத் திருத்த முடியாது.

ஆச்சி இருக்கும்போதே பேசி முடித்த கல்யாணத்துக்கு முதல் பாய் சொல்லியாயிற்று. மாப்பிள்ளை பெயரில் வருவது 'ழ'வா 'ள'வா என்று உம்மா கேட்டிருக்கிறார். அதை மட்டும் மாப்பிள்ளை வீட்டார் இந்த வாரத்துக்குள் சொல்லிவிடவும்.

இப்படிக்கு,
ஆச்சியின் பிள்ளைகள், மருமக்கள், பேரன் பேத்திகள்