மோர்ப்பந்தல் முதல் தேத்தண்ணிக் கடை வரை: ஊராருக்கு ஒரு நன்றி மடல்

அன்புடையீர்,

திருவிழாக் காலத்தில் சோடாவும் சர்பத்தும் சீனித் தேத்தண்ணியும் குறைய வேண்டும் என்று தொடங்கிய வேலைக்குத் தோள் கொடுத்த அனைவருக்கும் வணக்கம். அயலூர்க்காரர் செய்முறை கேட்கிறார்கள். ஆகவே நன்றியோடு விபரத்தையும் சேர்த்தே எழுதுகிறோம்.

முதல் நன்றி மாதர் சங்கத்தாருக்கு. ஒரு லீற்றர் தயிருக்கு நான்கு லீற்றர் தண்ணீர், அதற்கு மட்டமாக வழித்த இரண்டரைத் தேக்கரண்டி உப்பு, சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், கறிவேப்பிலை. கணக்கு இவ்வளவுதான். சிரமம் வெயிலில்தான் தொடங்கும். காலையில் அண்டா நிறையக் கலக்கி வைத்தால் மதியத்துக்குள் புளித்துவிடும். புளித்த மோரை ஒரு வாய் குடித்தவர் அடுத்த கடையில் சோடா வாங்குவார். தயிரைக் குளிரில் வைத்து, இரண்டு மணி நேரத்துக்குள் முடியும் அளவுக்கு மட்டும் கலக்கியதால் பந்தல் தப்பியது. வெங்காயத்தைப் பரிமாறும் வேளையில் வெட்டிப் போட்டதும் அவர்கள் யோசனையே. மீனுக்கு விற்கும் ஐஸ்கட்டியை மோருக்குள் போடாமல், பெரிய தாச்சியில் பரப்பி அதன்மேல் மோர்ப்பானையை வைத்தார்கள். அந்த ஐஸ் எந்தத் தண்ணீரில் உறைந்தது என்று யாருக்கும் தெரியாதே!

தேசிக்காய்த் தண்ணி கரைத்த இளைஞர்களுக்கும் நன்றி. விதையோடு அழுத்திப் பிழிந்தால் கசக்கும். கசப்பை மறைக்கச் சீனி ஏறும். விதை நீக்கி மெதுவாகப் பிழிந்து, கடைசியில் சாற்றைச் சேர்த்தால் ஒரு தம்ளருக்கு ஒரு தேக்கரண்டி சீனியும் ஒரு சிட்டிகை உப்பும் போதும்.

யாழ்ப்பாணத்து வலிகாமத்தின் சுண்ணக்கல் நிலத்துக் கிணறுகளில் இருப்பது சுண்ணாம்பு கரைந்த கடினநீர். பல இடங்களில் உரத்திலிருந்து இறங்கும் நைத்திரேற்று என்னும் உப்பும் கலந்திருக்கிறது. காய்ச்சினால் கிருமி சாகும், நைத்திரேற்று போகாது. தண்ணீர் வற்ற வற்ற அதன் செறிவு கூடவே செய்யும். இதை விளங்கப்படுத்தி, சுத்திகரித்த நீரைப் பவுசர் வண்டியில் வரவழைத்துத் தந்த பிரதேச சபை ஊழியருக்கும், தாங்கியைக் கழுவவைத்துக் குளோரின் அளவு பார்த்த பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கும் நன்றி. வாய்க்குப் பிடித்த தண்ணீர் கையெட்டும் தூரத்தில் இல்லாத இடத்தில் சோடாவைக் குறை சொல்வதில் அர்த்தமில்லை.

பாடசாலை ஆசிரியர்கள் தராசில் சீனி நிறுத்துக் காட்டியது நல்ல வேலை. 2016 ஓகஸ்ட் முதல் இலங்கையில் பானப் போத்தல்களில் நிறக்குறி இருக்கிறது: 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேல் சீனி என்றால் சிவப்பு, 2 முதல் 11 வரை மஞ்சள், 2க்குக் கீழ் பச்சை. மஞ்சளை நம்பி ஏமாற வேண்டாம். மூன்று கிராமும் பத்தரைக் கிராமும் ஒரே மஞ்சள்தான். பத்தரைக் கிராம் பானம் அரை லீற்றர் குடித்தால் 52 கிராமுக்கு மேல், அதாவது பத்துத் தேக்கரண்டிக்கும் கூட. வளர்ந்தவர் ஒருவருக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் நாளாந்த உச்ச வரம்பு ஏறக்குறைய 50 கிராம், 25க்குள் நின்றால் இன்னும் நல்லது.

கடைக்காரருக்குத் தனி நன்றி, ஏனெனில் நட்டம் அவர்களுடையது. கண்ணாடிக் குளிர்ப்பெட்டி பெரும்பாலும் பானக் கம்பனி கொடுத்தது. அதற்குள் வேறு பொருள் வைக்க விடமாட்டார்கள். ஆகவே சொந்தக் குளிர்சாதனப் பெட்டியை வாசலுக்கு நகர்த்தித் தண்ணீரையும் மோரையும் கண் மட்டத்தில் வைத்தார்கள், இளநீரை வாசலிலேயே குவித்தார்கள்.

தேத்தண்ணிக் கடைகளில் சீனியை ஒரேயடியாகக் குறைத்தபோது மேசையிலிருந்த சீனிப் போத்தல் காலியானது. இரண்டு கரண்டியை ஒன்றரையாக்கி, நாக்குப் பழகிய பிறகு ஒன்றாக்கிய கடைகளில் முறைப்பாடே இல்லை. ரின்பாலில், அதாவது தகரத்தில் வரும் இனிப்புக் கட்டிப்பாலில், ஏறக்குறைய பாதி சீனிதான். அதை ஊற்றிவிட்டுச் 'சீனி போடாத தேத்தண்ணி' என்று கொடுக்கக் கூடாது. பனங்கட்டியும் சீனியே, மருந்தல்ல. ஆனால் ஒரு சிறு துண்டைக் கடித்துக்கொண்டு வெறுந்தேத்தண்ணி குடிக்கும் பழைய வழக்கத்தில், கரைத்துக் குடிப்பதைவிடக் குறைவாகவே உள்ளே போகிறது. பெரியவர்கள் அதை நிறுத்த வேண்டியதில்லை.

சீனியைக் குறையுங்கள் என்ற எங்கள் அறிவித்தலில் இரண்டு விலக்குகளைச் சேர்க்கச் சொன்ன தாதியருக்கு நன்றி. நீரிழிவுக்கு ஊசியோ மாத்திரையோ எடுப்பவருக்கு இரத்தத்தில் சீனி இறங்கி வியர்த்து நடுங்கினால், விழுங்கக்கூடிய நிலையில் இருந்தால் உடனே மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் கொடுக்க வேண்டும். 15 நிமிடத்தில் தெளியாவிட்டால் மறுபடியும் கொடுக்க வேண்டும். மயங்கிவிட்டால் வாயில் எதுவும் ஊற்றாமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓட வேண்டும். வயிற்றோட்டத்துக்கு ஜீவனி என்னும் உப்பு-சீனிக் கரைசல்தான், சோடா அல்ல. அதிலும் சீனி இருக்கிறதே என்று தவிர்க்க வேண்டாம். ஆகவே பந்தலில் ஒரு சீனி டப்பா எப்போதும் இருக்கட்டும்.

குழாய் பொருத்திய பானைகளும் அளவுக் கரண்டிகளும் வாசிகசாலையில் இருக்கின்றன. அயலூர்க் கோயில்களுக்கும் கல்யாண வீடுகளுக்கும் இரவல் தருவோம். திருப்பித் தரும்போது குழாயைக் கழற்றி உள்ளே இருக்கும் வாசரையும் கழுவித் தாருங்கள். அதில் ஒட்டிய தயிர் அடுத்த பானை மோரையும் புளிக்க வைத்துவிடும்.

இப்படிக்கு,
சனசமூக நிலையச் சுகாதாரக் குழுவினர்