வவுனியா ரயில் நிலையப் பக்கத்துப் பழைய ஓட்டு வீடுகளைத் திருத்தித் தக்கவைக்கக் கோரும் மனு

மதிப்புக்குரிய அரசாங்க அதிபர் அவர்களுக்கு,

வவுனியா நகரில் ரயில் நிலையத்தை அண்டிய எங்கள் வீதியில், ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டிய பழைய ஓட்டு வீடுகள் இன்னும் மிஞ்சியிருக்கின்றன. அவற்றை இடிக்க அனுமதி கொடுப்பதை நிறுத்திவிட்டு, திருத்திக் குடியிருக்க உதவுங்கள் என்று கேட்கத்தான் வீதிக்காரர் எல்லாரும் சேர்ந்து இதை எழுதுகிறோம்.

1905 இல் வடக்கு ரயில் பாதை முழுதாகத் திறந்த பிறகு வளர்ந்த பக்கம் இது. முன்னுக்குத் திண்ணை, முதிரை மரத் தூண், இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். 1990 இல் வவுனியாவுக்கு அங்கால் ரயில் நின்றுபோன பிறகு, இடம்பெயர்ந்து வந்த சனமும் பயண அனுமதிப் பாஸுக்குக் காத்திருந்த சனமும் படுத்தெழும்பியது இந்தத் திண்ணைகளில்தான். கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் 2009க்குப் பிறகு பழைய வீடு என்று காட்ட எவ்வளவு மிஞ்சியது என்பது உங்களுக்கும் தெரியும்.

நடுவில் ஒரு வீட்டை இடித்தால் பிரச்சினை அந்த வளவோடு முடிவதில்லை. பொதுச் சுவர் மழைக்கு வெறுமனே நிற்கிறது, இரண்டு கூரைக்கும் பொதுவான பீலி அறுகிறது, மாரியில் பக்கத்து வீட்டுக்குள் தண்ணீர் இறங்குகிறது, அப்புறம் அவரும் இடிக்கத்தான் வேண்டும் என்கிறார். திருத்துகிறவர்களும் சுண்ணாம்புச் சுவருக்குச் சீமெந்து பூசிவிடுகிறார்கள். சுவரில் ஏறிய ஈரம் வெளியேற வழியில்லாமல் பூச்சு உப்பிக் கழன்று விழுகிறது. சுண்ணாம்புச் சாந்து வேலை தெரிந்த மேசன்மாரைத் தேடிப் பிடிப்பதே இப்போது பெரிய பாடு.

1940 ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டம் 1815 மார்ச் 2க்கு முந்திய கட்டடங்களைத்தான் தானாகவே காக்கிறது. எங்கள் வீடுகள் அதற்குள் வராது. ஆகவே இந்த வீதி தப்புவதும் தப்பாததும் கட்டட அனுமதி கொடுப்பவர்களின் கையில்தான் இருக்கிறது. காலிக் கோட்டை 1988 இல் உலக மரபுரிமையானது, அங்கே இன்றைக்கும் சனம் குடியிருக்கிறது. பாதுகாப்பது என்றால் ஆட்களை எழுப்பிவிடுவது என்று பயப்படுகிற எங்கள் அயலவர்களுக்கு நாங்கள் சொல்வதும் அதைத்தான்.

நகர அபிவிருத்தி அதிகார சபையையும் உள்ளூராட்சி சபையையும் ஒரே மேசைக்கு அழைத்துப் பேசுங்கள். பின்பக்கம் விரும்பியபடி கட்டட்டும், முகப்பும் திண்ணையும் கூரைச் சரிவும் மாறக் கூடாது என்று அனுமதியில் நிபந்தனை போடுங்கள். முறையாகத் திருத்துகிறவர்களுக்குச் சோலைவரியில் சலுகை கொடுங்கள். இளம் மேசன்மாருக்குச் சுண்ணாம்பு வேலையில் ஒரு பயிற்சியும் வேண்டும். மாரி தொடங்குமுன் பொறியியலாளர் ஒருவரை அனுப்பிப் பொதுச் சுவர்களைப் பார்வையிடச் செய்யுங்கள், வீட்டைத் திறந்து காட்ட நாங்கள் தயார்.

இப்படிக்கு,
வீதிக் குடியிருப்பாளர்கள்